விபத்துக்கு 88% தொழிலாளிதான் காரணமா? யார் இந்த ஹெயின்ரிக்?

தாம்பரம் மெப்ஸ் பக்கம் ஆலை வேலைக்குப் போறவங்களுக்கு இந்த முக்கோணம் பழக்கமாக இருக்கலாம். உச்சியில் 1 பெரிய காயம், நடுவில் 29 சிறு காயங்கள், அடியில் காயமே இல்லாத 300 சம்பவங்கள். இந்தக் கணக்கைச் சொன்னவர் ஹெர்பர்ட் வில்லியம் ஹெயின்ரிக்.

1886-ல் அமெரிக்காவில் பிறந்தவர். டிராவலர்ஸ் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை. இழப்பீட்டுக் கோப்புகள், ஆலைப் பதிவேடுகள் என 75,000 விபத்துகளை அலசினார். 1931-ல் புத்தகம் வெளியானது. கடற்கரை - தாம்பரம் மின்சார ரயில் ஓட ஆரம்பித்ததும் அதே வருஷம்தான்.

என்ன சொன்னார்?

88% விபத்துக்குத் தொழிலாளியின் பாதுகாப்பற்ற செயல் காரணம். 10% இயந்திரம், சூழல். 2% தவிர்க்கவே முடியாதவை. மயிரிழையில் தப்பிச்சாச்சுன்னு விட்டுடாம, அந்த 300-ஐயும் கவனிக்கணும் என்றார். தொழிலாளர் நடத்தையைக் கண்காணித்துத் திருத்தும் இன்றைய முறைக்கு வேர் இதுதான்.

சிக்கல் எங்கே?

பதிவேடுகளை எழுதியது பெரும்பாலும் மேற்பார்வையாளர்கள். பிரஸ் மெஷினில் விரல் போனால், கவனக்குறைவு என்று எழுதுவது சுலபம். காப்பு மூடி ஏன் இல்லை, உற்பத்தி இலக்கு எவ்வளவு என்ற கேள்விகள் பதிவேட்டில் ஏறாது. மூல ஆவணங்களும் இப்போது கிடைப்பதில்லை. இத்தனைக்கும், இயந்திரக் காப்பையும் வலியுறுத்தியவர்தான் ஹெயின்ரிக். 1962-ல் இறந்தார், 88 மட்டும் நிலைத்துவிட்டது.

நம்ம சட்டம்?

2025 வரை நடைமுறையில் இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டம் இரு பக்கமும் பேசியது. பாதுகாப்புக் கருவியில் தொழிலாளி கைவைக்கக் கூடாது என்றது அதன் பிரிவு 111. ஆனால் ஆபத்தான பாகங்களுக்குத் தடுப்பு இருந்தே ஆகணும் என்றது பிரிவு 21. அது நிர்வாகத்தின் பொறுப்பாக இருந்தது.