நாவலரும் நம் பிரசங்கமும்

நாவன்மை மிக்கவருக்கு உரிய பட்டம் நாவலர் என்பது. யாழ்ப்பாணத்தில் அப்பெயரைத் தனியே சொன்னாலும் எல்லோருக்கும் நினைவில் வருபவர் நல்லூர் ஆறுமுக நாவலரே. அவர் நம் திருச்சபையைச் சேர்ந்தவரல்லர். கிறிஸ்தவ மிஷன்களின் மதமாற்ற முயற்சிகளை உறுதியாக எதிர்த்த சைவர். ஆயினும் சொல்லால் மனங்களை இணங்கச் செய்வது எப்படி என்பதை அறிய விரும்புவோர் அவரது வாழ்க்கையை அறிந்திருத்தல் நன்று.

அவர் 1822 டிசம்பர் 18ஆம் திகதி நல்லூரில் கந்தப்பிள்ளை என்பவரின் மகனாகப் பிறந்தார். தமிழை இளமையிலேயே கற்றுத் தேர்ந்தவர், ஆங்கிலம் பயில மெதடிஸ்த மிஷன் பாடசாலைக்குச் சென்றார். இன்றைய யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியே அது. அங்கிருந்த பேர்சிவல் போதகர் அவரை ஆசிரியராக்கியதோடு, விவிலியத்தைத் தமிழாக்கும் பணியிலும் துணையாகச் சேர்த்துக்கொண்டார். ஒரு பொருளை எடுத்து, நூலாதாரம் காட்டி, கேட்போர் வாழ்வோடு பொருத்திப் பேசும் பிரசங்க முறையை அந்த ஆண்டுகளில் அவர் அருகிருந்து கண்டார்.

அக்காலத்தில் சைவக் கோயில்களில் புராணம் படித்துப் பொருள் சொல்வதே வழக்கம். 1847 டிசம்பர் 31ஆம் திகதி, வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அவர் புதிய முறையில் பிரசங்கம் செய்யத் தொடங்கினார். அது வாராவாரம் நடைபெற்றது. குடி, பிறன்மனை நாடல், கொலை ஆகிய தீமைகளையும் அவர் எடுத்துப் பேசினார். ஆம், பிறரைச் சாடியதோடு நில்லாமல், தம்மவர் குறைகளையும் அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னார். அவரது சொல் எடுபட்டதற்கு இது முக்கிய காரணம்.

1848இல் மிஷன் வேலையைத் துறந்து, வண்ணார்பண்ணையில் சைவப் பாடசாலையை நிறுவினார். 1849இல் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு நாவலர் பட்டம் வழங்கியது. பின்பு அச்சுக்கூடம் அமைத்து, எளிய உரைநடையில் பாலபாடங்களை எழுதினார், பெரியபுராணத்தையும் வசனமாக்கினார். செய்யுள் அறியாத வீடுகளுக்கும் அவர் எழுத்துச் சென்றது.

1854இல் வெளியான சைவதூஷண பரிகாரத்தில், சைவ வழிபாட்டைப் பழித்தவர்களுக்கு விவிலியத்தைக் கொண்டே விடையளித்தார். தூபம், தீபம், காணிக்கை ஆகியன பழைய ஏற்பாட்டு ஆலயத்திலும் இருந்தன என்று காட்டினார். எதிரில் நிற்பவர் ஏற்றுக்கொண்ட நூலிலிருந்தே சான்று தருவது வாதக் கலையின் உயர்ந்த படி. அந்நூலை முழுமையாகக் கற்றவருக்கே அது கைகூடும்.

1876–77 பஞ்சத்தில் பசித்தவர்களுக்குக் கஞ்சி வார்க்கவும் அவர் ஏற்பாடு செய்தார். 1879 டிசம்பர் 5ஆம் திகதி காலமானார்.

அவருக்கும் ஓர் எல்லை இருந்தது. சாதிக் கட்டுப்பாட்டை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஆகவே கோயில் மதிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட மக்களை அந்தப் பெரிய குரல் தன் அவையாகக் கொள்ளவில்லை. அதைச் சுட்டும்போது நாமும் தலைகுனியத்தான் வேண்டும். நம் ஆலயங்களிலும் சாதி பார்த்து இடம் ஒதுக்கிய காலம் இருந்தது.

பிரசங்க பீடத்தில் நிற்கும் குருவானவருக்கும், பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லும் பெற்றோருக்கும் இங்கே பாடம் உண்டு. நன்கு கற்றுப் பேசுவோம். மறுதரப்பை அறிந்து பேசுவோம். நம் வீட்டுக் குறையை முதலில் பேசுவோம். எவரையும் வெளியே நிறுத்திவிட்டுப் பேசாதிருப்போம்.