எரன்பேர்க்: பிழையான கொள்கையும் பிழைத்து நின்ற பெயர்களும்

கடல் தரும் மீனைப் பற்றி நாம் பேசுகின்றோம். அம்மீனுக்கு உணவு எங்கிருந்து கிடைக்கின்றது என்று சிந்திப்பது குறைவு. கடல்நீரில் மிதந்து திரியும், வெறுங்கண்ணுக்குத் தனித்தனியே புலப்படாத தயற்றங்கள் எனும் அல்காக்கள் கடலின் உணவுச் சங்கிலிக்குப் பேராதாரமாக விளங்குகின்றன. உலகில் நிகழும் ஒளித்தொகுப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இவற்றினுடையதே. ஒவ்வொரு தயற்றத்துக்கும் சிலிக்காவினாலான ஓடு உண்டு. அவ்வோட்டின் துளைகளையும் கோடுகளையும் முட்களையும் கொண்டே இனங்கள் வேறுபிரித்து அறியப்படுகின்றன.

இச்சிற்றுயிர்களுக்குப் பெயர் சூட்டிய முன்னோடிகளுள் தலையாயவர் ஜேர்மனியரான கிறிஸ்டியன் கொட்ஃபிரீட் எரன்பேர்க். 1795ஆம் ஆண்டு டெலிற்ஸ் நகரிற் பிறந்த அவர், பேர்லினில் மருத்துவம் கற்று 1818இல் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

1820இல் நண்பர் ஹெம்பிரிச்சுடன் எகிப்துக்குப் புறப்பட்டார். சினாய், செங்கடற் கரைகள் எனப் பயணம் நீண்டது. 1823இல் சினாயின் தூர் துறைமுகத்தில் கடல் செந்நிறமாவதைக் கண்டு, அதற்குக் காரணமான நுண்ணுயிரைப் பின்னர் பெயரிட்டு விவரித்தார். 1825இல் மஸாவா துறைமுகத்தில் ஹெம்பிரிச் காய்ச்சலால் உயிரிழந்தார். பல்லாயிரம் மாதிரிகளுடன் தாயகம் திரும்பிய எரன்பேர்க், அதன்பின் தம் வாழ்நாளை நுணுக்குக்காட்டிக்கே அர்ப்பணித்தார் எனலாம்.

வட்டத் தட்டுப் போன்ற ஓட்டிற் சல்லடைத் துளைகள் கொண்ட தயற்றங்களுக்கு 1839இல் கொசினோடிஸ்கஸ் என்ற சாதிப் பெயரை அளித்தார். அதன் பொருள் சல்லடைத் தட்டு என்பதாகும். றொஸ் தலைமையிலான அந்தாட்டிக்கப் பயணத்தில் ஹூக்கர் சேகரித்த மாதிரிகளும் அவரிடமே வந்து சேர்ந்தன. நீண்ட முட்கள் கொண்ட கீட்டோசெரஸ் சாதியை அவர் 1844இல் விவரித்தார். டார்வினும் அத்திலாந்திக் கடலில் கப்பல்மீது படிந்த தூசியை அவருக்கே அனுப்பிவைத்தார்.

எனினும் அவரது அடிப்படைக் கொள்கை பிழையானது. 1838இல் வெளியிட்ட பெருநூலில், தயற்றங்கள் உட்பட்ட நுண்ணுயிர்கள் பல வயிறுகள் கொண்ட முழுமையான விலங்குகள் என அவர் வாதிட்டார். பிரான்சின் டுஜார்டின் இக்கொள்கையை மறுத்தார். பிற்கால ஆய்வுகளும் மறுத்தன. 1876இல் இறக்கும்வரை எரன்பேர்க் அதனைக் கைவிடவில்லை.

கொள்கை வீழ்ந்தபோதும் அவரது பணி ஏன் வீழவில்லை என்பதே நாம் சிந்திக்க வேண்டிய வினா. தாம் கண்டதை அவர் வரைந்து வைத்தார். கண்ட பொருளையும் எங்கிருந்து வந்தது என்ற குறிப்புடன் பத்திரப்படுத்தினார். சுமார் 40,000 நுணுக்குக்காட்டித் தயாரிப்புகளும் 3,000 வரைபடத் தாள்களும் பேர்லின் இயற்கை வரலாற்று நூதனசாலையில் உள்ளன. ஒரு பெயர் எந்த உயிரைக் குறிக்கின்றது என்ற ஐயம் எழும்போது ஆய்வாளர்கள் அங்கு சென்று மூலப் பொருளையே மீண்டும் பார்க்க முடிகின்றது. விலங்கு என்று அவர் கருதிய உயிர்கள் இன்று அல்காக்களாக அறியப்படுகின்றன. ஆயினும் அவர் இட்ட பெயர்கள் நிலைத்துள்ளன.

அறிஞர்களும் தவறுவர். ஆனால் தம் தவற்றைப் பிறர் கண்டறிவதற்கான சான்றையும் விட்டுச் செல்வோர் சிலரே. எரன்பேர்க் அத்தகையோருள் ஒருவர் என்பதை நாம் மறத்தலாகாது.