வெள்ளிக் காசில் அகஸ்டஸ்

செய்தித்தாளும் வானொலியும் இல்லாத பண்டைக் காலத்தில் அரசனின் புகழைக் குடிமக்கள் கைதோறும் கொண்டு சேர்த்த தூதன் காசேயாகும். இதனை நன்குணர்ந்திருந்தவன் உரோமாபுரியின் முதற் பேரரசன் அகஸ்டஸ்.

கி. மு. 63-இல் பிறந்த அவனுடைய இயற்பெயர் ஒக்டேவியஸ். கி. மு. 44-இல் ஜூலியஸ் சீஸர் கொலையுண்டபோது அவனுக்கு வயது 18. சீஸரின் உயிலின்படி அவன் சுவீகார புத்திரனானான். அவ்வாண்டில் சீஸர் நினைவாக நடந்த விளையாட்டு விழாவின்போது வானில் வால்மீன் ஒன்று தோன்றிற்று. அது சீஸரின் ஆன்மாவே என மக்கள் நம்பினர். பின்னாளில் அவ்வால்மீன் வெள்ளிக் காசில் ஏறிற்று. தேவ மைந்தன் என்னும் பட்டமும் உடன் ஏறிற்று. ஆனால், கி. மு. 43-இல் அவனும் கூட்டாளிகள் இருவரும் பகைவர் பெயர்களைப் பட்டியலிட்டுக் கொல்வித்தனரே, நாவலர் சிசரோவும் மாண்டாரே, அதனை எக்காசும் சொல்லவில்லை.

கி. மு. 31-இல் ஆக்டியம் கடற்போரில் அந்தோணியையும் கிளியோபாத்ராவையும் வென்றான். மறு ஆண்டே எகிப்து வீழ்ந்தது. கி. மு. 28-இல் வெளிவந்த காசில் ஒரு முதலையும், எகிப்து கைப்பற்றப்பட்டது என்னும் பொருள்படும் சொற்களும் உள. தோற்ற அந்தோணியும் உரோமனே என்பதை அம்முதலை மறைத்தது!

கி. மு. 27-இல் அகஸ்டஸ் என்னும் பட்டம் பெற்றான். குடிமகனின் உயிர் காத்தவனுக்கு அளிக்கும் கருவாலி இலை மாலையும் காசில் பொறிக்கப்பட்டது. கி. மு. 53-இல் பார்த்தியரிடம் இழந்த படைக் கொடிகளை கி. மு. 20-இல் பேச்சு வார்த்தையால் மீட்டான். காசிலோ, பார்த்தியன் ஒருவன் மண்டியிட்டுக் கொடியை நீட்டுகிறான்!

பேரர்களான கேயஸ், லூசியஸ் இருவரையும் மக்களாகச் சுவீகரித்து, அவர்கள் கேடயமும் ஈட்டியும் தாங்கி நிற்கும் காசுகளை கி. மு. 2 முதல் வெளியிட்டான். விதி வேறாக இருந்தது. லூசியஸ் கி. பி. 2-இலும் கேயஸ் கி. பி. 4-இலும் இறந்தனர். அரியணை ஏறாத அவ்விளைஞர்களின் உருவம் தாங்கிய காசுகள் வாணிபத்தின் வழியே நம் தமிழகத்துக்கும் வந்தன. கொங்கு நாட்டுப் புதையல்களில் கிடைத்துள்ளன.

கி. பி. 14-இல், தன் 75-ஆம் வயதில், அகஸ்டஸ் மறைந்தான். மனைவியின் முதல் மணத்து மைந்தன் டைபீரியஸ் பட்டமெய்தினான். இறுதிவரை காசில் அகஸ்டஸின் முகம் இளமை மாறவில்லை. வெள்ளியில் மூப்பைத் தடுக்க முடிந்தவனால் தன் வீட்டில் மரணத்தைத் தடுக்க இயலவில்லை.