திருப்பதி நகருக்கு இடம் வகுத்த இராமானுஜர்

திருப்பதி ரெயில் நிலையத்தில் இறங்கி வெளியே வந்தால், சற்று தூரத்தில் கோவிந்தராஜர் கோவில் கோபுரம் தெரியும். கோவிலைச் சுற்றி மாட வீதிகள். பக்கத்தில் திருக்குளம். அதற்கு அப்பால் கடைவீதிகள். வேலூரில் இருந்தும் ஆற்காட்டில் இருந்தும் பிழைப்புக்காக வந்து, கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை பார்க்கும் நம்மவர்கள் அன்றாடம் நடக்கிற தெருக்கள் இவை.

இந்தத் தெருக்களுக்கு முதன்முதலில் இடம் குறித்தவர், தமிழ்நாட்டில் இருந்து வந்த ஒரு துறவி என்று வைணவ மரபு கூறுகிறது. அவர்தான் ஸ்ரீராமானுஜர்.

பெரும்புதூரில் பிறந்தார்

ஸ்ரீபெரும்புதூரில் கேசவ சோமயாஜிக்கும் காந்திமதி அம்மாளுக்கும் மகனாக 1017-ம் ஆண்டு பிறந்தவர் இராமானுஜர். தாய்மாமன் பெரிய திருமலை நம்பி, திருமலையில் தங்கி வேங்கடவனுக்குத் தீர்த்தம் சுமந்து தொண்டு செய்துவந்தவர். ஆகவே திருப்பதி அவருக்கு அயலூர் அல்ல. மாமன் வாழ்ந்த ஊர்.

காஞ்சிபுரத்தில் யாதவப்பிரகாசர் என்ற ஆசிரியரிடம் வேதாந்தம் படித்தார். பாடத்துக்கு ஆசிரியர் சொன்ன பொருளை ஏற்க முடியாமல் அவரைவிட்டு விலகினார். இல்லறத்தைத் துறந்து சந்நியாசம் பெற்றார். பின்னர் ஸ்ரீரங்கம் சென்று, ஆளவந்தாருக்குப் பிறகு வைணவர்களின் தலைவராக விளங்கினார்.

நிர்வாகத்தில் வல்லவர்

இராமானுஜரைத் தத்துவ ஞானி என்று உலகம் அறியும். அவர் சிறந்த நிர்வாகியும்கூட. ஸ்ரீரங்கம் கோவிலில் எந்த வேலையை யார் செய்வது, எந்த நேரத்தில் செய்வது என்பதை ஒழுங்குபடுத்தினார். எல்லா சாதியாருக்கும் கோவில் பணிகளில் பங்கு வகுத்தார்.

ஸ்ரீரங்கம் ஏழு மதில்களுக்குள் கோவிலும் தெருக்களும் ஒன்றாக அமைந்த ஊர். அங்கே நடுவில் கோவில், சுற்றிலும் வீதிகள், வீதிகளில் கோவில் பணியாளர் வீடுகள். அந்த அமைப்பிலேயே பல ஆண்டுகள் வாழ்ந்தவர், பின்னாளில் மலையடிவாரத்தில் ஓர் ஊரை அமைக்க நேர்ந்தபோது அதே முறையைக் கையாண்டதில் வியப்பில்லை.

மலையை மிதிக்கத் தயங்கினார்

திருமலையை ஆதிசேஷனின் திருமேனியாகக் கருதியவர் அவர். அதன்மேல் கால் வைக்கத் தயங்கி அடிவாரத்திலேயே நின்றுவிட்டார் என்றும், பெரியோர் வற்புறுத்திய பிறகு முழங்காலால் ஏறினார் என்றும் சொல்வார்கள். அலிபிரி வழியாக நடந்து செல்லும் பக்தர்கள், செங்குத்தாக இருக்கும் முழங்கால் படியின் அருகே அவருடைய சந்நிதியை இன்றும் காணலாம்.

மாமன் திருமலை நம்பியிடம் அவர் ஓராண்டு காலம் இராமாயணம் பாடம் கேட்டார். அதுவும் மலையடிவாரத்தில்தான் நடந்தது. முதியவரான நம்பி, மலையில் கைங்கரியத்தை முடித்துவிட்டு இறங்கி வருவாராம். சுமார் 2,800 அடி உயரத்தில் இருக்கும் கோவிலுக்குத் தொண்டு செய்பவர்கள் படும் சிரமத்தை இராமானுஜர் கண்ணெதிரே பார்த்திருக்கிறார்.

மலைமேல் பூந்தோட்டம்

மலைமேல் ஒரு பூந்தோட்டம் வேண்டும் என்று விரும்பினார். குளிருக்கும் காட்டுக்கும் அஞ்சிப் பலர் தயங்கியபோது, அனந்தாழ்வான் என்ற சீடர் முன்வந்தார். அவர் மலைமேல் ஏரி வெட்டி, நந்தவனம் அமைத்தார். அவர் மண் வெட்டப் பயன்படுத்தியதாகச் சொல்லப்படும் கடப்பாரை, திருமலைக் கோவில் நுழைவாயிலில் இன்றும் தொங்குகிறது.

திருமலையில் பூக்கும் பூக்கள் பெருமாளுக்கே உரியவை, மனிதர்கள் சூடக்கூடாது என்பது அங்கே நீண்டகால வழக்கம். மலை பெருமாளுக்கும், காட்டுக்கும், தண்ணீருக்கும் உரிய இடம். மனிதர்கள் குடியிருக்க அடிவாரம் இருக்கிறது. அவர் வகுத்த ஏற்பாட்டின் சாரம் இதுதான்.

கோவிந்தராஜர் வந்த கதை

அந்தக் காலத்தில் திருமலைக் கோவில் காரியங்களைக் கவனித்த சபையார் திருச்சானூரில் இருந்தார்கள். மலையடிவாரத்தில் கொத்தூர் என்ற சிறு கிராமம் இருந்தது.

சிதம்பரத்தில் இருந்த கோவிந்தராஜர் திருவுருவம் சோழ மன்னன் ஒருவனால் அகற்றப்பட்டபோது, உற்சவ மூர்த்தியை அடியார்கள் காப்பாற்றித் திருப்பதிக்குக் கொண்டுவந்தார்கள் என்பது வரலாறு. இராமானுஜரும் அதே சோழனுக்கு அஞ்சி, வெள்ளை உடை உடுத்திக் கர்நாடகத்துக்குச் சென்றவர். மேல்கோட்டையில் பல ஆண்டுகள் தங்கினார். அங்கே தாழ்த்தப்பட்ட மக்களுக்குத் திருக்குலத்தார் என்று பெயர் சூட்டி, ஆண்டில் சில நாட்கள் கோவிலுக்குள் செல்லும் உரிமையும் பெற்றுத் தந்தார்.

இடம் பெயர்ந்த துன்பத்தை அறிந்த அவர், இடம் பெயர்ந்து வந்த பெருமாளுக்கு மலையடிவாரத்தில் கோவில் எழுப்பினார். நாராயணவனத்தில் இருந்து ஆண்ட யாதவ மன்னர் அதற்குத் துணை நின்றார். கோவிலைச் சுற்றி வீதிகள் வகுக்கப்பட்டன. அர்ச்சகர்களுக்கும் கோவில் ஊழியர்களுக்கும் வீடுகள் ஒதுக்கப்பட்டன. புதிய ஊர் கோவிந்தராஜப்பட்டினம் என்றும், இராமானுஜபுரம் என்றும் பெயர் பெற்றது. அதுவே இன்றைய திருப்பதி.

இது 1130-ம் ஆண்டு பிப்ரவரி 24-ந் தேதி நடந்தது என்று கணக்கிட்டு, 2022-ம் ஆண்டில் திருப்பதி நகருக்குப் பிறந்தநாள் கொண்டாடினார்கள். அவர் 120 ஆண்டு வாழ்ந்து 1137-ல் ஸ்ரீரங்கத்தில் மறைந்தார் என்பது மரபு. இந்த ஆண்டுக் கணக்குகளை எல்லா ஆராய்ச்சியாளர்களும் ஏற்கவில்லை. ஆனால் மலைக்குக் கீழே கோவிலை மையமாக வைத்து ஊர் வளர்ந்தது என்பதைத் தெருக்களே காட்டுகின்றன.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். அன்று ஒதுக்கப்பட்ட வீடுகள் கோவில் பணியாளர்களுக்கே. உழுதவர்களுக்கும் சுமை தூக்கியவர்களுக்கும் அந்த வீதிகளில் இடம் இல்லை. அது அந்தக் காலத்து வழக்கம்.

ஊர் பெருகியது

பின்வந்த நூற்றாண்டுகளில் ஊர் பெருகிக்கொண்டே போனது. 1886-ல் நகராட்சி ஏற்பட்டது. 1944-ல் மலைப்பாதையில் முதல் சாலை திறக்கப்பட்டது. 1954-ல் ஸ்ரீவெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் வந்தது. 1981-ல் நகர வளர்ச்சியைத் திட்டமிடத் தனி ஆணையம் அமைக்கப்பட்டது. 2007-ல் மாநகராட்சி ஆயிற்று. சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருப்பதி, 2022 ஏப்ரலில் தனி மாவட்டமானது.

ஆனால் ஊர் பெருகிய வேகத்தில், தண்ணீருக்கு உரிய இடத்தை மறந்துவிட்டார்கள். மலையில் இருந்து இறங்கும் மழைநீர் ஓடைகளாக வந்து ஏரிகளில் தங்க வேண்டும். பல இடங்களில் அந்த வழியில் வீடுகள் எழும்பின. 2021 நவம்பரில் பெருமழை பெய்தபோது மலைப்பாதைகளில் மண் சரிந்தது. நகரத் தெருக்களில் வெள்ளம் ஆறாக ஓடியது. தாழ்வான பகுதிகளில் வாடகைக்குக் குடியிருந்த ஏழைகள் பாத்திரம் பண்டங்களை இழந்தார்கள். அருகில் உள்ள ராயலசெருவு ஏரி உடையும் என்று அஞ்சி, கிராம மக்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று.

நாம் அறிய வேண்டியது

ஊர் அமைப்பது என்றால் எங்கே கட்டுவது என்று முடிவு செய்வது மட்டும் அல்ல. எங்கே கட்டக்கூடாது என்று முடிவு செய்வதும்தான். மலையை மலைக்கே விட்டு, குளத்துக்கும் தோட்டத்துக்கும் இடம் ஒதுக்கி, மீதியில் வீடு அமைத்தவர் இராமானுஜர்.

சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் திருப்பதியிலோ சித்தூரிலோ ஒரு மனை வாங்க நினைக்கும் நம்மவர்கள் பலர் உண்டு. விலை குறைவு என்று மயங்கிவிடக் கூடாது. அந்த இடம் ஏரிப் புறம்போக்கா, ஓடையா, அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவா என்று முதலில் விசாரிக்க வேண்டும். அக்கம்பக்கத்து முதியவர்களிடம் மழைக்காலத்தில் தண்ணீர் எங்கே நிற்கும் என்று கேட்டாலே பாதி உண்மை தெரிந்துவிடும். இராமானுஜர் வகுத்த ஊரில் வாழ்கிறவர்கள் அவரிடம் கற்க வேண்டிய பாடங்களில் இதுவும் ஒன்று.