தருமசேனர் அப்பரான கதை: ஒரு மதத்தைவிட்டு வெளியேற என்ன விலை?

சங்கரன்கோவிலில் கோவில்பட்டி பஸ் ஏறினால் வழியில் கழுகுமலை வரும். வெட்டுவான் கோயிலை மட்டும் பார்த்துட்டு இறங்கிடாதீங்க. பக்கத்துப் பாறையில் வரிசை வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர்கள். கீழே, செய்து கொடுத்தவர்களின் பெயர்கள் வட்டெழுத்தில். அங்கே நின்றால் எனக்கு நினைவுக்கு வருபவர், அந்தச் சமயத்தைவிட்டு வெளியேறிய திருநாவுக்கரசர். நாம் அப்பர் என்று கும்பிடுகிறோமே, அவரேதான்.

7-ம் நூற்றாண்டு. திருவாமூரில் பிறந்த மருள்நீக்கியாருக்குச் சின்ன வயதிலேயே அப்பா அம்மா போயாச்சு. அக்கா திலகவதிக்கு நிச்சயித்த மாப்பிள்ளையும் போரில் இறந்துபோக, தம்பிக்காகவே உயிரோடு இருந்தார் அக்கா. தம்பியோ சமணத்தில் சேர்ந்து, பாடலிபுத்திரத்துப் பள்ளியில் (இன்றைய திருப்பாதிரிப்புலியூர்) தருமசேனர் என்ற பட்டத்தோடு தலைவராகவே ஆகிவிட்டார். புதுப் பெயர், மரியாதை, சுற்றிலும் சீடர்கள். இதையெல்லாம் விட்டுட்டு யார் வெளியே வருவாங்க, சொல்லுங்க?

சூலை நோய் வந்தது. மந்திரித்த நீர், மயில்பீலித் தடவல், எதுவும் கேட்கவில்லை. அக்காவுக்கு ஆள் அனுப்பினார். பள்ளிக்குள் வர மாட்டேன் என்று அக்கா சொல்லிவிட்டார். தம்பிதான் கிளம்ப வேண்டியதாயிற்று. அதுவும் எப்படி? ராத்திரியில், யாருக்கும் தெரியாமல். உடுத்திய பாய், உறியில் தொங்கிய குண்டிகை, மயில்பீலி மூன்றையும் போட்டுவிட்டு திருவதிகைக்கு நடந்தார். அவ்வளவு பெரிய தலைவருக்கே பகலில் சொல்லிவிட்டுப் போக வழியில்லை, பாருங்க.

அடுத்து நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. விஷயம் தெரிந்தால் அரசனும் மாறிவிடுவான், நம் பிழைப்பு போய்விடும் என்று பயந்தார்கள். அதனால் முந்திக்கொண்டு, அவர் நோய் என்று நடித்து ஓடிவிட்டார் என்று பல்லவனிடம் போய்ச் சொன்னார்கள். அமைச்சர்கள் படையோடு வந்தார்கள். சுண்ணாம்புக் காளவாயில் 7 நாள், நஞ்சு கலந்த பால்சோறு, யானை, கடைசியில் கல்லோடு கட்டிக் கடலில். எல்லாவற்றிலும் பிழைத்தார் என்கிறது பெரியபுராணம்.

ஒன்று ஞாபகம் வெச்சுக்கோங்க. அதை எழுதிய சேக்கிழார், 12-ம் நூற்றாண்டில் சோழர் அவையில் அமைச்சராக இருந்த சைவர். சமணர் தரப்புக் கதை நம் கையில் இல்லை.

அதே புராணம் இன்னொன்றும் சொல்கிறது. மனம் மாறிய அரசன் அந்தச் சமணப் பள்ளியை இடித்து, அதே கற்களால் திருவதிகையில் குணபரவீச்சரம் என்ற சிவன் கோயில் கட்டினானாம். வெளியேற நினைக்காமல், அங்கே அமைதியாக ஓதிக்கொண்டிருந்தவர்கள் எங்கே போனார்கள்?

கழுகுமலைச் சிற்பங்கள் 8, 9-ம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அப்பர் காலத்துக்குப் பிறகும் தெற்கே பாறையில் பெயர் பொறித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.