பட்டாணித் தோட்டத்துத் துறவி

மரபியலின் தந்தை ஒரு கத்தோலிக்கக் குரு என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

கிரிகோர் மெண்டல் 1822ஆம் ஆண்டு ஆஸ்திரியப் பேரரசின் சிலேசியாவில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். 1843இல் புருனோ நகரின் புனித தோமையார் மடத்தில் அகுஸ்தினார் சபைத் துறவியானார். 1847இல் குருப்பட்டம் பெற்றார். 1850இல் ஆசிரியர் தகுதித் தேர்வில் தோல்வியுற்றார். ஆயினும் மனம் தளராமல் வியன்னாவில் கல்வி கற்றுத் திரும்பினார். 1856 முதல் எட்டு ஆண்டுகள் மடத்துத் தோட்டத்தில் ஏறக்குறைய 28,000 பட்டாணிச் செடிகளை ஆராய்ந்தார். பெற்றோரின் பண்புகள் கணக்குத் தவறாமல் பிள்ளைகளுக்குச் செல்வதைக் கண்டார். 1866இல் அச்சான அவரது கட்டுரையை உலகம் பொருட்படுத்தவில்லை. 1868இல் மடாதிபதியான அவர், 1884 ஜனவரி 6ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். 1900இல்தான் அறிவியல் உலகம் அவரைக் கண்டுகொண்டது.

அவர் பிடுங்கிய செடிகளின் வேர்களில் இன்னொரு மறைபொருளும் இருந்தது. அந்த வேர்முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உணவாக்கித் தருகின்றன. செடி அவற்றுக்குச் சர்க்கரை தருகிறது. இதை ஹெல்ரீகல் என்ற ஜெர்மானிய அறிஞர் 1886இல் அறிவித்தார். மெண்டல் மறைந்து இரண்டே ஆண்டுகள்!

ஆப்கானிஸ்தானின் சில பட்டாணி வகைகள் ஐரோப்பிய மண்ணின் பாக்டீரியாக்களை ஏற்பதில்லை. இதற்குக் காரணமான மரபணுவும் மெண்டல் கண்ட விதிப்படியே தலைமுறைகளைக் கடக்கிறது. எந்தப் பயிர் எந்த நுண்ணுயிரோடு உறவுகொள்ளும் என்பதை அறிந்தால், உரச்செலவு குறையும், மண்ணும் பிழைக்கும்.

தம் உழைப்பின் பலனை மெண்டல் காணவில்லை. நாமும் பலனை எண்ணிச் சோர்ந்துவிடாமல், நமக்குத் தரப்பட்ட சிறு தோட்டத்தில் உண்மையாய் உழைப்போம்.