முடியின் சுமை

பண்பிற் சிறந்தவர் பலர். ஆளுந்திறன் வாய்ந்தவர் சிலர். இவ்விரண்டும் ஒருங்கே அமையப்பெற்றவர் மிகச் சிலரே. நல்லியல்பு ஒன்றே நாட்டைக் காக்கப் போதும் என்று கருதுதல் பிழை. வாள்வலி ஒன்றே ஒருவரைப் பெரியோராக்கும் என்று எண்ணுதலும் பிழையே. இவ்வுண்மைகள் இரண்டையும் இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஹென்றியின் வாழ்க்கை நன்கு விளக்கும். அவர் தொட்டிலில் முடிபெற்றார். சிறையில் உயிர் நீத்தார். தந்தையார் வென்ற நாட்டை இழந்தார். தாமே ஆண்ட நாட்டையும் இழந்தார். ஒரே மைந்தரையும் இழந்தார். ஆயினும், அவர் நட்ட கல்விப் பயிர் மட்டும் பட்டுப்போகவில்லை.

குழந்தை மன்னர்

ஹென்றி 1421ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 6ஆம் நாள் தேம்சு ஆற்றங்கரையிலுள்ள விண்ட்சர்க் கோட்டையில் பிறந்தார். தந்தையார் ஐந்தாம் ஹென்றி பெருவீரர். பிரான்சு நாட்டின் பெரும்பகுதியை வென்றவர். அந்நாட்டு மன்னர் ஆறாம் சார்லசின் மகளான கேத்தரினே ஹென்றியின் அன்னையார். சார்லசுக்குப் பின் பிரான்சின் முடி இங்கிலாந்து மன்னரையும் அவர் வழியினரையும் சாரும் என 1420ஆம் ஆண்டில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டிருந்தது.

1422ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஐந்தாம் ஹென்றி போர்க்களத்து நோயால் மாண்டார். ஒன்பது திங்களே நிரம்பிய குழந்தை இங்கிலாந்தின் மன்னராயிற்று. அடுத்த இரண்டு திங்களுக்குள் பாட்டனாரும் இறந்தார். அக்குழந்தையே பிரான்சுக்கும் மன்னர் என அறிவிக்கப்பட்டது. பேசவும் அறியாத பிள்ளையின் தலைமேல் இரு பெரு நாடுகளின் சுமை ஏறியது.

சிற்றப்பன்மார் இருவரும் பிற பெருமக்களும் சிறுவர் பெயரால் ஆட்சியை நடத்தினர். அவர்களுள் மூத்தவரான பெட்போர்டு கோமகன் பிரான்சில் இருந்து அந்நாட்டைக் காத்துவந்தார். ஹென்றிக்கு எட்டாம் ஆண்டு நிரம்புமுன் வெஸ்ட்மினிஸ்டர்த் திருக்கோயிலிலும், பத்தாம் ஆண்டு நிரம்பியதும் பாரிசு நகரத்திலும் முடிசூட்டு விழாக்கள் நடைபெற்றன. இரு நாட்டு முடியையும் இவ்வாறு சூடிய ஆங்கில மன்னர் அவர் ஒருவரே. ஆயினும், அதற்கு முன்னரே சோன் என்னும் இளநங்கையின் எழுச்சியால் பிரெஞ்சு மக்கள் புத்துணர்வு பெற்றிருந்தனர். 1431ஆம் ஆண்டில் அந்நங்கையை ஆங்கிலேயர் பக்கத்தார் தீயிலிட்டுக் கொன்றனர்; அவ்வுணர்வை எரிக்க இயலவில்லை. 1435ஆம் ஆண்டில் பெட்போர்டு கோமகனும் மறைந்தார். அது முதல் பிரான்சில் ஆங்கிலேயர் கை தாழ்ந்துகொண்டே வந்தது.

கல்விக் கொடை

1437ஆம் ஆண்டில், தம் பதினாறாம் அகவையில், ஹென்றி ஆட்சிப் பொறுப்பைத் தாமே ஏற்றார். தந்தையார்க்கும் மைந்தர்க்கும் இயல்பில் பெரும் வேறுபாடு இருந்தது. தந்தையார் போரை நாடினார். மைந்தரோ வழிபாட்டையும் நூலையும் நாடினார். ஆரவாரமும் களியாட்டும் அவர் உள்ளத்திற்கு உவப்பளிக்கவில்லை.

வறிய சிறுவரும் கல்வி பெற வேண்டும் என்னும் வேட்கை அவர்க்கு இருந்தது. அதனால், 1440ஆம் ஆண்டில், தாம் பிறந்த கோட்டைக்கு எதிரே, ஆற்றின் அக்கரையிலுள்ள ஈட்டன் என்னுமிடத்தில் ஒரு பள்ளியை நிறுவினார். வறிய மாணாக்கர் எழுபதின்மர் கட்டணமின்றித் தங்கிப் பயில அதில் வழிவகுத்தார். அவர்கள் மேற்கல்வி பெறும்பொருட்டு, 1441ஆம் ஆண்டில், கேம்பிரிட்ஜ் நகரத்தில் மன்னர் கல்லூரியைத் தோற்றுவித்தார். அதன் வழிபாட்டு மண்டபத்திற்கு 1446ஆம் ஆண்டில் தம் கையாலேயே முதற்கல் நாட்டினார். மண்டபத்தின் நீளமும் அகலமும் உயரமும் இவ்வளவு இருத்தல் வேண்டும் எனத் தாமே வரையறுத்து எழுதிவைத்தார். போர்க்களத்தின் அளவு அறியாத மன்னர், பள்ளியின் அளவை நன்கு அறிந்திருந்தார்.

தளர்ந்த செங்கோல்

கேட்டவர்க்கு இல்லையென்னாது ஈதல் வள்ளல்கட்கு அழகு. எனினும், அரசின் நிலங்களையும் பதவிகளையும் தகுதி நோக்காது வாரி வழங்குதல் ஆள்வோர்க்கு அழகன்று. ஹென்றியின் ஈகை அத்தகையதாயிற்று. அவர் அன்பைப் பெற்ற சில பெருமக்கள் செழித்தனர். அரசின் கருவூலம் வறண்டது. 1450ஆம் ஆண்டளவில் அரசின் கடன் 372,000 பவுனாக வளர்ந்தது என்று பாராளுமன்றத்திற்கு அறிவிக்கப்பட்டது.

1445ஆம் ஆண்டில் ஹென்றி பிரெஞ்சு நாட்டு ஆஞ்சூ மரபில் வந்த மார்கரெட்டை மணந்தார். மணமகட்கு அப்பொழுது அகவை பதினைந்து. போரை நிறுத்தி அமைதி காணவே இம்மணம் உறுதி செய்யப்பட்டது. ஆனால், அமைதியின் விலையாக மெய்ன் என்னும் பகுதியைப் பிரெஞ்சுக்காரரிடம் விட்டுக்கொடுக்க ஹென்றி இசைந்தார். அமைதியோ நிலைக்கவில்லை. 1450ஆம் ஆண்டில் நார்மண்டி கைவிட்டுப் போயிற்று. அவ்வாண்டிலேயே கெண்ட் பகுதி மக்கள் சாக் கேடு என்பவர் தலைமையில் கிளர்ந்தெழுந்து தலைநகர்க்குள் புகுந்தனர். 1453ஆம் ஆண்டு சூலையில் காஸ்டிலோன் போரில் ஆங்கிலப் படை அழிந்தது. ஐந்தாம் ஹென்றி வென்ற பரப்பெல்லாம் போய், கலே என்னும் துறைமுகமும் அதனைச் சூழ்ந்த சிறு நிலமுமே எஞ்சின.

அடுத்த திங்களில் மன்னருக்குக் கொடிய மனநோய் கண்டது. அவர் பேசவில்லை, எதிரில் நின்றவரை அறியவில்லை, பிறர் துணையின்றி நடக்கவும் இயலவில்லை. தாய்வழிப் பாட்டனாராகிய பிரெஞ்சு மன்னரும் அத்தகைய நோயால் வருந்தியவரே. அக்டோபர்த் திங்களில் அரசியார் ஓர் ஆண்மகவை ஈன்றார். எட்டாண்டு காத்திருந்து பெற்ற பிள்ளையைக் கொண்டுவந்து காட்டியபோதும் தந்தையாரின் முகத்தில் யாதொரு குறிப்பும் தோன்றவில்லை. ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு இவ்வாறு கழிந்தது. 1454ஆம் ஆண்டு கிறித்துமசுப் பெருநாளை ஒட்டி அவர் தெளிவு பெற்றார். அப்பொழுதுதான் தம் மைந்தரின் பெயரைக் கேட்டறிந்தார்; கைகூப்பி இறைவனுக்கு நன்றி செலுத்தினார். எட்வர்டு என்பதே அப்பெயர்.

இரு குடிகளின் பகை

அரசர் செயலற்றுக் கிடந்த காலத்தில் நாட்டுக் காவலராக அமர்ந்தவர் யார்க் கோமகன் ரிச்சர்டு. அவருக்கும் அரசர்க்கும் இருந்த உறவே பின்னர்ப் பெரும் பகைக்கு வித்தாயிற்று. மூன்றாம் எட்வர்டு மன்னருக்கு மைந்தர் பலர். அவர்களுள் ஒருவரான இலங்காஸ்டர் கோமகனின் புதல்வர், 1399ஆம் ஆண்டில், அப்போதைய மன்னரை நீக்கிவிட்டு நான்காம் ஹென்றி எனும் பெயரால் முடிசூடினார். அவர் பேரரே ஆறாம் ஹென்றி. யார்க் கோமகனோ, இலங்காஸ்டர் கோமகனுக்கு மூத்தவரான மற்றொரு மைந்தரின் தாய்வழித் தோன்றல். ஆகவே, முடிக்குத் தமக்கே உரிமை மிகுதி என்று அவர் வாதிடுவதற்கு இடமிருந்தது.

அரசர் தெளிவு பெற்றதும் யார்க் கோமகன் விலக்கப்பட்டார். அவர் பகைவரான சாமர்செட் கோமகன் மீண்டும் செல்வாக்கடைந்தார். 1455ஆம் ஆண்டு மே 22ஆம் நாள் செயிண்ட் ஆல்பன்சு நகரத் தெருக்களில் இரு பக்கத்தாரும் மோதினர். சாமர்செட் மாண்டார். அரசரின் கழுத்தில் ஓர் அம்பு பாய்ந்து குருதி பெருகியது. இங்ஙனம் தொடங்கிய உள்நாட்டுப் போரே பிற்காலத்தில் ரோஜாப்பூப் போர் எனப் பெயர் பெற்றது. வெள்ளை ரோஜா யார்க் குடியின் சின்னம். சிவப்பு ரோஜா இலங்காஸ்டர் குடிக்கு உரியதாகக் கூறப்படுவது.

பகையை அன்பால் மாற்றலாம் என்று ஹென்றி நம்பினார். 1458ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அவர் ஏற்பாட்டால் இலண்டன் மாநகரில் ஓர் ஊர்வலம் நிகழ்ந்தது. முடி புனைந்த மன்னர் நடந்துவர, மார்கரெட் அரசியாரும் யார்க் கோமகனும் கைகோத்து நடந்தனர். போரில் தந்தையை இழந்த மைந்தர்கள், தந்தையைக் கொன்ற பக்கத்தாரின் கையைப் பற்றி நடந்தனர். எல்லாரும் தூய பவுல் திருக்கோயிலை அடைந்து வழிபட்டனர். கைகள் கூடின; உள்ளங்கள் கூடவில்லை. அடுத்த ஆண்டே வாட்கள் மீண்டும் உறையினின்று வெளிவந்தன.

1460ஆம் ஆண்டு சூலையில் நார்தாம்டனில் நிகழ்ந்த போரில் வாரிக் பெருமகனார் முதலிய யார்க் குடியினரிடம் மன்னர் சிறைப்பட்டார். தம் ஆயுள் வரை தாமே மன்னர். தமக்குப் பின் முடி யார்க் கோமகனையும் அவர் வழியினரையும் சாரும் என்னும் உடன்பாட்டுக்கு அவர் இசைந்தார். தாம் பெற்ற மைந்தரின் உரிமையைத் தாமே விட்டுக்கொடுத்த தந்தையார் அவர். அரசியாரோ அதற்கு உடன்படவில்லை. கணவர் ஏந்தாத வாளை மைந்தர் பொருட்டு அவர் ஏந்தினார். அவர் பக்கத்தார் வடநாட்டில் படை திரட்டினர். டிசம்பர் 30ஆம் நாள் வேக்பீல்டுப் போரில் யார்க் கோமகன் வீழ்ந்தார். அவர் தலையைக் கொய்து, காகித முடி சூட்டி, யார்க் நகர வாயிலில் வைத்தனர். வெற்றியாளரின் அச்செயல் பகைத் தீயில் நெய் சொரிந்தது.

இருமுறை இழந்த முடி

இறந்தவரின் மைந்தரான எட்வர்டு, பதினெட்டே அகவையினர். நெடிய தோற்றமும் போர்த்திறனும் மிக்கவர். வாரிக் பெருமகனாரின் துணையால் 1461ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அவர் நான்காம் எட்வர்டு என்னும் பெயரால் மன்னராக அறிவிக்கப்பட்டார். அத்திங்கள் 29ஆம் நாள் டவுட்டன் வெளியில், வீசும் பனிப்புயலினிடையே, இங்கிலாந்து மண்ணில் நிகழ்ந்த போர்களுள் மிகக் கொடியது எனத்தகும் போர் நடந்தது. இலங்காஸ்டர் படை சிதறியது. ஹென்றி மனைவியோடும் மைந்தரோடும் ஸ்காத்லாந்துக்கு ஓடினார்.

அதன்பின் நான்கு ஆண்டுகள் அவர் வாழ்வு இரங்கத்தக்கதாயிற்று. மனைவியும் மைந்தரும் பிரான்சு சென்றனர். அரசரோ வடநாட்டில் அன்பர் சிலரின் இல்லங்களில் ஒளிந்து திரிந்தார். 1465ஆம் ஆண்டில் லங்காசயரில் பிடிபட்டார். கால்கள் குதிரையின் அங்கவடியோடு பிணிக்கப்பட, அவரை இலண்டனுக்குக் கொணர்ந்து கோபுரச் சிறையில் இட்டனர்.

ஐந்து ஆண்டுகட்குப் பின் ஊழ் மற்றொரு முறை உருண்டது. எட்வர்டை அரியணை ஏற்றிய வாரிக், அவரோடு பகைத்து, மார்கரெட் அரசியாரோடு உறவு பூண்டார். எட்வர்டு கடல்கடந்து ஓட, 1470ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் ஹென்றி சிறையினின்று வெளிக்கொணரப்பட்டு மீண்டும் முடிபெற்றார். அவர் முடியை நாடவில்லை. பிறர் அதனைக் கொண்டுவந்து அவர் தலைமேல் வைத்தனர். அந்த ஆட்சி ஆறு திங்களே நிலைத்தது. 1471ஆம் ஆண்டில் எட்வர்டு திரும்பினார். ஏப்பிரல் 14ஆம் நாள் பார்னட் களத்தில் வாரிக் மாண்டார். மே 4ஆம் நாள் டூக்ஸ்பரிக் களத்தில் ஹென்றியின் ஒரே மைந்தர், பதினேழு அகவையினர், மாண்டார். அரசியார் சிறைப்பட்டார். மே 21ஆம் நாள் இரவு கோபுரச் சிறையில் ஹென்றியின் வாழ்வும் முடிவுற்றது. துயரத்தால் இறந்தார் என்று அரசு சார்பில் கூறப்பட்டது. எட்வர்டின் ஆணையால் கொல்லப்பட்டார் என்பதே வரலாற்றாசிரியர் பெரும்பாலோர் கருத்து.

இறந்தபின் வந்த புகழ்

ஹென்றியின் ஆட்சியில் அல்லலுற்ற மக்களே, அவர் இறந்தபின் அவரைத் தூயவராகக் கருதி அவர் கல்லறைக்குத் திரள் திரளாகச் சென்றனர். செர்ட்சி மடத்தில் அடக்கம் செய்யப்பட்டிருந்த அவர் உடல், 1484ஆம் ஆண்டில் விண்ட்சருக்குக் கொணரப்பட்டது. அங்குள்ள தூய சார்சுத் திருக்கோயிலில் அவரும், அவர் முடியைப் பறித்த நான்காம் எட்வர்டும் ஒரே கூரையின்கீழ்த் துயில்கின்றனர். ஒரு நாட்டில் ஒருங்கு வாழ இயலாதவர்க்கு ஒரு கோயிலில் ஒருங்கு கிடக்க இயன்றது.

1485ஆம் ஆண்டில் பாஸ்வொர்த்துப் போரில் வென்று ஏழாம் ஹென்றியாக முடிசூடியவர், ஆறாம் ஹென்றியின் தாய்வழித் தம்பியின் மைந்தர். அவர் எட்வர்டின் மகளை மணந்து இரு குடிகளையும் இணைத்தார். முப்பது ஆண்டுகளில் மாண்டவர் பல்லாயிரவர். எப்பூவின் பெயரால் மாண்டாலும் அவர் அனைவரும் அந்நாட்டு மக்களே. இவ்வழிவுக்கு ஹென்றியின் தளர்ச்சியும் ஒரு காரணம் என்பதை மறைத்தல் ஆகாது. தீயோரை ஒறுக்காமலும், தக்கோரைத் தெரிந்து அமர்த்தாமலும் இருக்கும் அரசரின் அருள், குடிகட்கு அருளாகாது.

எனினும், அவர் வாழ்வு வீண் போகவில்லை. எட்வர்டு மன்னர் ஈட்டன் பள்ளியின் உடைமைகள் பலவற்றைப் பறித்தபோதும் பள்ளி அழியவில்லை. கேம்பிரிட்ஜில் முதற்கல்லோடு தொடங்கிய மண்டபத்தைப் பின்வந்த மன்னர்கள் ஏறத்தாழ 70 ஆண்டுகளில் கட்டி முடித்தனர். இன்று ஈட்டன் பெருஞ்செல்வர் பிள்ளைகள் மிகுதியாகப் பயிலும் பள்ளி. ஆயினும், நிறுவியவர் வகுத்தபடி மன்னர் மாணாக்கர் எழுபதின்மர் அங்கு இடம்பெறுகின்றனர். அவர் மறைந்த நாளில், அவ்விரு கல்விக்கூடங்களின் சார்பில், கோபுரச் சிறையில் அவர் வழிபட்ட இடம் எனக் கருதப்படும் மூலையில் லில்லி மலர்களும் வெள்ளை ரோஜாக்களும் வைக்கும் வழக்கம் 20ஆம் நூற்றாண்டில் தோன்றியது.

வாளால் பெற்ற முடிகள் கைக்குக் கை மாறின. பகைமை கொண்ட குடிகள் இரண்டும் பெயரளவில் நின்றன. கல்விக்கென இட்ட கல்லோ இட்ட இடத்திலேயே நிலைத்து நிற்கின்றது. ஆள்வோர்க்குத் திறன் வேண்டும் என்பதை ஹென்றியின் தோல்வி உணர்த்தும். அறச்செயல் அழியாது என்பதை அவர் பள்ளி உணர்த்தும்.